கடைத்தெருவுக்கு எடுத்துப் போன பாட்டு

பினாங்குக்குப் போய் வந்ததைப் பிரயாணம் என்று சொல்லலாமா என்று எனக்கே தயக்கம்தான். கூலிமிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஒரு பஸ். அங்கிருந்து கடலைத் தாண்ட ஒரு ஃபெர்ரி. காலையில் புறப்பட்டால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிடலாம். ஆனால் இந்தத் தடவை என் சட்டைப் பைக்குள் அக்காளின் சங்கிலி கைக்குட்டையில் முடிந்து கிடந்தது. அதனாலோ என்னவோ, வழி நீளமாகத் தெரிந்தது.

அக்காள் இன்னமும் தோட்டத்தில்தான் இருக்கிறாள். பால்மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டு வருஷங்கள் பல ஆகிவிட்டன. லயத்தில் பாதி வீடு காலி. பிள்ளைகளெல்லாம் தாமான்களுக்குக் குடி போய்விட்டார்கள். அவளோடு இருப்பது கடைசிப் பையன் மட்டும். வயது 23. கூலிம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. சனி, ஞாயிறுகளில் உறுமி மேளம். அவன் தாத்தா தப்பு அடித்தவர். பையனுக்கும் கை சும்மா இருக்காது. சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தாளம் போடாமல் கீழே வைக்க மாட்டான்.

அவன் ஒரு பாட்டு வெளியிட்டிருக்கிறான். அந்தப் பாட்டின் கதையைச் சொன்னால்தான் சங்கிலி எதற்கு என்று உங்களுக்குப் புரியும்.

1983 தீபாவளிக்கு எங்கள் அப்பா ஒட்டுப்பால் காசைச் சேர்த்து வைத்து ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினார். வாங்கிய ஒரு வாரம் வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. எல்லாரும் பேச வேண்டும், எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். அம்மாவை ஒரு நலங்குப் பாட்டுப் பாடச் சொன்னார். அம்மா வெட்கப்பட்டாள்; இருமினாள்; பக்கத்தில் பால் மங்கைத் தட்டிக்கொண்டிருந்த என்னை “சும்மா இருடா” என்று அதட்டினாள்; பிறகு பாடினாள். அம்மா காலமாகி 19 வருஷம் ஆகிறது. அந்தக் கேசட் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. போட்டுக் கேட்டால் மழை பெய்கிற இரைச்சல்தான் முதலில் வரும். அம்மாவின் குரல் அதற்குள் எங்கேயோ ஒளிந்திருக்கும்.

மருமகன் அதை எடுத்துப் போய்க் கைப்பேசியில் ஏற்றி, ஏதோ ஓர் இலவசச் செயலியில் வைத்து இரைச்சலை எடுத்துவிட்டான். அடியில் தன்னுடைய உறுமியை மெதுவாகச் சேர்த்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னறிவிப்பு ஒன்றுமில்லாமல் என் காதில் மாட்டினான். அம்மா இருமினாள். “சும்மா இருடா” என்றாள். நான் வாசலுக்குப் போய் நின்றுவிட்டேன்.

அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைப்பேசியும் கம்ப்யூட்டரும் வந்து சங்கீதத்தையே கெடுத்துவிட்டன என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். எங்கள் காலத்தில் ஒரு பாட்டைப் பதிவு செய்ய வேண்டுமானால் கோலாலம்பூருக்குப் போய் மணிக்கணக்கில் ஸ்டூடியோ வாடகை கொடுக்க வேண்டும். தோட்டத்துப் பையன் அந்தக் கதவைத் தட்டவே பயப்படுவான். இன்றைக்குச் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட பேண்ட்லேப் என்ற ஒரு இலவசச் செயலியை மட்டும் 10 கோடிப் பேருக்கு மேல் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று 2024-ல் செய்தி வந்தது. அந்தப் பத்துக் கோடிப் பேரில் எத்தனை பேர் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளோ!

சரி, பாட்டை வெளியிட்டான். ஒரு வருஷத்தில் 24,000 தடவை ஓடியது. எங்கள் தோட்டத்தில் இன்றிருக்கும் மொத்த ஜனமும் குழந்தை குட்டியோடு நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டாலும் அத்தனை வராது. அக்காளுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குக் கிடைத்த காசு 111 வெள்ளி. பாட்டை அந்தச் செயலிகளுக்குக் கொண்டு சேர்க்கிற கம்பெனிக்கு வருஷச் சந்தா 100 வெள்ளி. மிச்சம் 11 வெள்ளி. அடுத்த வருஷச் சந்தா கட்டாவிட்டால் பாட்டை இறக்கிவிடுவார்களாம்.

இந்தச் சமயத்தில்தான் பினாங்கிலிருந்து ஒருவர் அவனுக்குப் போன் செய்தார். பாட்டைத் ‘தள்ளிவிடுகிற’ வேலை அவருக்கு. 3,000 வெள்ளி கொடுத்தால் இரண்டு மாதத்தில் 5 லட்சம் தடவை ஓட வைப்பாராம். அக்காளிடம் இருந்தது ஒரு பவுனுக்குச் சற்றுக் கூடுதலான ஒரு சங்கிலி. கழற்றிக் கொடுத்துவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டு, “நீ கூடப் போ. ஆளைப் பார். சரின்னு தோணினா அங்கேயே அடகு வெச்சுக் குடு” என்றாள். தாய்மாமன் என்றால் இதற்கெல்லாம்தானே!

பட்டர்வொர்த்தில் பினாங்கு சென்ட்ரலில் இறங்கி ஃபெர்ரிக்கு நடந்தோம். கார்களை வயிற்றில் ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போன அந்தப் பழைய இரண்டு தட்டுக் கப்பல்கள் இப்போது இல்லை. 2023 ஆகஸ்டில் புதுக் கப்பல்கள் விட்டார்கள். ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறலாம், கார்கள் ஏற முடியாது. சில்லறைக் காசைக் கொட்டி உள்ளே போன காலமும் போய்விட்டது. அட்டையைத் தட்ட வேண்டும். உட்கார இடம் நன்றாக இருக்கிறது, குளிர்ச்சியாகவும் இருக்கிறது. ஆனால் உப்புக் காற்று முகத்தில் அடித்தால்தான் எனக்குப் பினாங்குக்குப் போவதாகத் தோன்றும். அது என் குறை.

கப்பலில் மருமகனிடம், “24,000 தடவைக்கு 111 வெள்ளி என்ன கணக்கடா?” என்று கேட்டேன். அவன் சொன்னதை நமக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். பால் வெட்டிய காலத்தில் ஸ்டோரில் ஆளாளுக்குப் பாலை நிறுத்து அவரவர் பேரில் எழுதினார்கள் அல்லவா? இங்கே அப்படி இல்லை. மாதச் சந்தாப் பணம், விளம்பரப் பணம் எல்லாம் ஒரே தொட்டி. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கம்பெனிக்கு. மிச்சத்தை, அந்த மாதம் ஓடிய பாட்டுகளின் மொத்தக் கணக்குப்படி பிரிக்கிறார்கள். ஆகவே நான் சந்தா கட்டி மாதம் முழுக்க என் மருமகன் பாட்டை மட்டும் கேட்டாலும் என் காசு அவனுக்குப் போவதில்லை. யார் பாட்டு அதிகம் ஓடுகிறதோ அவர்களுக்கே தொட்டியில் பெரும்பங்கு.

2008-ல் ஸ்வீடனில் தொடங்கிய ஸ்பாட்டிஃபை 2013-ல் நம் நாட்டுக்கு வந்தது. அதில் ஒருவர் 30 விநாடி கேட்டால்தான் ஒரு தடவை என்று எண்ணுவார்கள். 2024 முதல் இன்னொரு விதியும் உண்டு. பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது ஓடாத பாட்டுக்கு ஒரு காசும் கிடையாது. கேட்கிறவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மாதம் ஒரு நல்ல நாசி கண்டார் சாப்பாட்டுக்கு ஆகிற காசில் உலகத்துப் பாட்டெல்லாம் கைக்குள் இருக்கும்போது யார்தான் வேண்டாம் என்பார்கள்? சந்தா கட்டாமலும் கேட்கலாம். நடுவில் விளம்பரம் வரும், அவ்வளவுதான்.

வெல்ட் கீயில் இறங்கி லெபு பாசாருக்கு நடந்தோம். பினாங்குத் தமிழர்களுக்கு அது என்றைக்கும் ‘கடைத்தெரு’தான். பக்கத்துக் குவீன் ஸ்திரீட்டில் 1833-ல் கட்டிய மகாமாரியம்மன் கோவில். கோவிலுக்குள் போய்ச் சங்கிலியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கடைத்தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே காது நுழைந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். கேசட் வாங்க அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அங்கே கடைக்குக் கடை ஒரு ஒலிபெருக்கி. ஒரு கடைப் பாட்டை அடுத்த கடைப் பாட்டு அமுக்கப் பார்க்கும். அப்பாவின் ஒரு நாள் கூலி பத்து வெள்ளியைத் தொடாத காலம். ஒரு கேசட் ஐந்து வெள்ளி. அதாவது அரை நாள் வெட்டு. இருட்டோடு எழுந்து, பெரட்டுக்குப் போய், கொசுக்கடியில் வெட்டிய மரங்களில் பாதி. கடைக்காரர் அட்டையைப் பிரிக்க விடமாட்டார். அப்பா அட்டையின் பின்புறத்தை முன்னும் பின்னுமாகப் படிப்பார். வீட்டுக்கு வந்தால் அந்த ஒரு கேசட் ஆறு மாதம் ஓடும். பிடிக்காத பாட்டையும் கேட்டே ஆக வேண்டும். தள்ளி ஓட்டினால் நாடா இழுத்துவிடும் என்று அப்பா திட்டுவார். அப்படிக் கேட்டுக் கேட்டே பிடித்துப்போன பாட்டுகள் எனக்குப் பல உண்டு. இன்றைக்கு நானே என் கைப்பேசியில் ஒரு பாட்டைப் பாதியில் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். காசு கொடுக்காத பொருளுக்குக் காதும் கொடுப்பதில்லை போலிருக்கிறது.

அப்பா கேசட் வாங்கிய கடையைத் தேடினேன். இருந்தது! ஆனால் உள்ளே பிளாஸ்டிக் மாலை, ஊதுபத்தி, கைப்பேசி உறை. முதலாளி அதே ஆள்தான்; எழுபது தாண்டியிருக்கும். ஒலிபெருக்கியும் அதே இடத்தில் மாட்டியிருந்தது. பாட்டு மட்டும் கல்லாவின் மேலிருந்த கைப்பேசியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

“கேசட் வித்தே மூணு பொண்ணுங்களக் கட்டிக் குடுத்தேன் தம்பி” என்றார். “மொதல்ல பாசார் மாலாமில ரெண்டு வெள்ளிக்குத் திருட்டு கேசட் வந்துச்சு. அப்புறம் சி.டி. அப்புறம் ஒரே சி.டி.யில நூத்தம்பது பாட்டு. அதுக்கப்புறம் போன். போன் வந்த அன்னிக்கே மாலைக்கு மாறிட்டேன்.”

எனக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. அந்த இரண்டு வெள்ளிக் கேசட்டுகளை வாங்கியவர்களில் நானும் ஒருவன். வாரச் சந்தையில் குந்தி உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறேன். அதில் பாடினவருக்கு ஒரு காசு போயிருக்குமா? அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “நான் மட்டும் யோக்கியனா? நீங்க எழுதிக் குடுக்கிற லிஸ்டுப்படி பாட்டை ஏத்திக் குடுத்தேனே, அது மட்டும் யாரைக் கேட்டு?” உண்மைதான். வெறும் கேசட்டை வாங்கி, பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வந்து வாங்கிப் போகிற பழக்கம் நம்மில் யாருக்குத்தான் இல்லை? பழைய காலத்தில் பாடகனுக்கு எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்று நான் சொன்னால் அது பொய்.

இதே பினாங்கில்தானே பி. ராம்லி பிறந்தார். 1929-ல். நடித்தார், இயக்கினார், இசையமைத்தார், பாடினார். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பேதமில்லாமல் எல்லா வீட்டு ரேடியோவிலும் இருந்தார். 1973-ல் 44 வயதில் இறந்தபோது கையில் ஒன்றுமில்லாத நிலை. அவர் பிறந்த வீட்டை இன்று நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். அந்தச் சாலைக்கும் அவர் பெயர்தான். அப்போது கைப்பேசியும் கிடையாது, செயலியும் கிடையாது. அதே ஊரிலிருந்துதான் அண்ணன் தம்பிகளான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் அலிகேட்ஸ் குழுவோடு கிளம்பி மலாய்ப் பாட்டு பாடி நாடு முழுக்கப் பெயர் வாங்கினார்கள். மேடை மேடையாக ஏறிப் பாடித்தான் அவர்கள் நிலைத்தார்கள்.

மருமகனுக்கும் மேடைதான் சோறு போடுகிறது. ஆறு பேர் கொண்ட உறுமிக் குழுவுக்கு ஒரு கல்யாணத்துக்கு 900 வெள்ளி. வண்டிச் செலவு போக அவன் கைக்கு 120, 130 வரும். ஒரே ராத்திரியில்! இருந்தாலும் அவனுக்கு அந்த 24,000 மேல்தான் கண். கல்யாணத்தில் நூறு பேர் எதிரே நின்று ஆடினால் அது அவனுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை; முகம் தெரியாதவர்கள் கேட்டார்கள் என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது. இளவயது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

‘தள்ளிவிடுகிற’ ஆள் ஒரு மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்திருந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. என்னையும் ‘சார்’ என்றே கூப்பிட்டார். கைப்பேசியில் ஏதேதோ கோடுகள் ஏறுவதைக் காட்டினார். நான் அதிகம் படித்தவனல்ல. ஆனால் தோட்டத்தில் தராசைப் பார்த்துப் பழகியவன். “5 லட்சம் தடவை கேட்பாங்க என்கிறீங்களே, அவங்க எந்த ஊர்க்காரங்க?” என்றேன்.

“எல்லா ஊரும்தான் சார்.”

“பிரேசில்காரன் எங்கம்மா நலங்குப் பாட்டைக் கேப்பானா?”

அவர் சிரித்துவிட்டு, “கேக்க வேணாம் சார், ஓடினாப் போதும்” என்றார்.

மருமகன் தலை குனிந்து கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரும்போதே அவன் எனக்கு ஒன்று சொல்லியிருந்தான். ஆளில்லாமல் மெஷினைக் கொண்டு பாட்டை ஓட்டுவது கண்டுபிடிக்கப்பட்டால் அந்தக் கணக்கைக் கழித்துவிடுவார்கள். பாட்டைக் கொண்டு சேர்த்த கம்பெனிக்கு 2024 முதல் அபராதமும் உண்டு. அந்தக் கம்பெனி பாட்டையே தூக்கி எறிந்துவிடும். தெரிந்திருந்தும் ஏன் வந்தான் என்று நீங்கள் கேட்கலாம். லாட்டரி சீட்டு வாங்குகிறவனுக்குக் கணக்குத் தெரியாதா என்ன?

அந்த ஆள் விடவில்லை. “தம்பி, ஒரே பாட்ட வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா வேலைக்காகாது. இப்ப ரெண்டு வரி எழுதிக் குடுத்தா கம்ப்யூட்டரே மெட்டுப் போட்டு, அதுவே பாடியும் குடுத்துடும். தினம் பத்துப் போடலாம்” என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் புதுப் பாட்டுகள் இந்தச் செயலிகளில் வந்து விழுகின்றன. பிரான்ஸ் நாட்டு டீசர் என்ற கம்பெனி 2025 ஏப்ரலில் ஒரு கணக்குச் சொன்னது. தங்களுக்கு வந்து சேரும் பாட்டுகளில் தினம் 20,000-க்கு மேல் மனிதர் பாடாத, முழுக்க மெஷின் செய்த பாட்டுகளாம். நூற்றுக்குப் பதினெட்டு. தொட்டி ஒன்றுதான், பங்குக்கு நிற்கிறவர்கள் மட்டும் கூடிக்கொண்டே போகிறார்கள். அதில் பலர் ஆளே இல்லை!

பிறகு அவர் மருமகனின் பாட்டைப் போட்டுக் கேட்டார். அம்மா இருமியதும் முகத்தைச் சுளித்தார். “இத மொதல்ல வெட்டிடுங்க. முதல் அஞ்சு செகண்டுல ஆளப் புடிக்கணும். இந்த இருமல், ‘சும்மா இருடா’, எல்லாம் வேஸ்ட். அதுக்குள்ள தள்ளிட்டுப் போயிடுவான்.”

மருமகன் நிமிர்ந்தான். “அத வெட்ட முடியாதுங்க.”

“ஏன் தம்பி?”

“அது பாட்டி எங்க மாமாவத் திட்டுறது.”

“யாருக்குத் தெரியப் போவுது?”

அவன் பதில் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் சேர்த்துத் தே தாரிக்குக்குக் காசை மேஜைமேல் வைத்தான்; எழுந்தான். நானும் எழுந்தேன். நான் சொல்ல வேண்டுமென்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த புத்திமதி ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

திரும்பும் வழியில் மாலைக் கடைக்காரரிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “எங்க, அந்தப் பாட்டப் போடு பாப்போம்” என்று தன் கைப்பேசியை எடுத்துவிட்டு ஒலிபெருக்கிக் கம்பியை மருமகனிடம் நீட்டினார். கடைத்தெருவில் அம்மா இருமினாள். “சும்மா இருடா” என்ற அதட்டல் எதிர்ச் சாரி வரைக்கும் கேட்டது. பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ஜனங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா மட்டும் திரும்பி, “இது எங்க பக்கத்துப் பாட்டாச்சே. யாரு பாடறது?” என்று கேட்டார். மருமகன் அவரருகே போய் ஏதோ சொன்னான். ரொம்ப நேரம் சொன்னான். பாட்டு முடிந்து ஊதுபத்தி விளம்பரம் ஓடத் தொடங்கியும் பேசிக்கொண்டிருந்தான்.

கடைக்காரர் என்னிடம், “அப்போவா இருந்தா இத நூறு கேசட் போட்டு வித்திருப்பேன்” என்றார். “தம்பிக்கு என்ன குடுத்திருப்பீங்க?” என்றேன். யோசித்துவிட்டு, “பத்து கேசட் சும்மா குடுத்திருப்பேன்” என்றார். நேர்மையான மனிதர்.

இருட்டுவதற்குள் தோட்டத்துக்கு வந்துவிட்டோம். அக்காள் வாசலிலேயே நின்றிருந்தாள். கைக்குட்டையை அவிழ்த்துச் சங்கிலியைக் கொடுத்தேன். வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாளே தவிர, என்ன நடந்தது என்று அவனைக் கேட்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். “ஆள் சரியில்ல” என்றேன். அத்தோடு சரி. அன்றைக்கு நெத்திலிச் சம்பல்.

இரண்டாம் வருஷச் சந்தா 100 வெள்ளியை நான் கட்டியிருக்கிறேன். அது வியாபாரமல்ல என்று எனக்குத் தெரியும். போன சனிக்கிழமை சுங்கைப் பட்டாணியில் ஒரு கல்யாணத்துக்கு அவன் குழு போனது. மாப்பிள்ளை வீட்டார் நலங்கின்போது அந்தப் பாட்டைப் போடச் சொன்னார்களாம். அதற்குத் தனியே 50 வெள்ளி கொடுத்தார்களாம். அவன் வாங்கிக்கொண்டானா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

நேற்று மறுபடியும் வந்து நின்றான். பிஸ்கட் டின்னில் இன்னும் மூன்று கேசட் இருக்கிறது. ஒன்றில் அப்பா பேசுகிறார் என்று நினைக்கிறேன். அதில்தான் பூஞ்சை பிடித்திருக்கிறது. திருகைக் கழற்றி நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றிவிடலாம் என்கிறான். அதற்கேற்ற சின்னத் திருப்புளி என் வீட்டில் இல்லை. இன்று கூலிமுக்குப் போய் வாங்கி வர வேண்டும்.